நல்ல பணியுண்டு

காசிமாயன் வீட்டுக்கும் அவர் தம்பி சீனிச்சாமி வீட்டுக்கும் பொதுவான சாமான்கள் எல்லாம் காசிமாயன் வீட்டில்தான் இருந்தன. சேர்ந்து வாங்கிய தண்ணீர் மோட்டார் அண்ணன் கிணற்றில் இறங்கியது. சேர்ந்து வாங்கிய தார்ப்பாய் அண்ணன் களத்தில் விரிந்தது. மருந்தடிக்கிற மிஷின் அண்ணன் வீட்டுப் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டது. சீனிச்சாமி போய்க் கேட்டால் மதினி இறக்கிக் கொடுப்பாள். கொடுக்கும்போதே, “வெரசா கொண்டாந்திருங்க அப்பு, இங்க சோலி கெடக்கு” என்பாள். பாதிக்காரன் இரவல் வாங்கியவனைப் போல நெளிந்துகொண்டு தூக்கி வருவான்.

இப்போது பொதுவில் ஒரு டிராக்டர் வாங்குவோம் என்று காசிமாயன் சொல்லிவிட்டார். அவர் சொன்னது யோசனைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் அவர் யோசனைக்கு உத்தரவு என்று பெயர். போடியில் புரோக்கர் திருப்பதியின் கொட்டகையில் செவப்பு வண்டி ஒன்று நிற்கிறது, பார்த்தாச்சு, பிடிச்சாச்சு, தம்பி பாதி போட்டால் போதும், ஆர்சி புத்தகம் மட்டும் தன் பேரில் இருக்கட்டும், ஆபீசுக்கு ரெண்டு பேர் அலைவானேன் என்றார். சீனிச்சாமி தலையை ஆட்டிவிட்டு வந்தான். அண்ணனுக்கு முன்னால் அந்தத் தலைக்கு மேலும் கீழும் ஆடத்தான் தெரியும்.

அவன் பெண்டாட்டி சந்திரவல்லிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்களுக்குச் சிலமலைக்கு மேற்கே கொஞ்சம் நிலம் இருந்தது. ஊரில் மற்றவர்கள் தக்காளி, வெங்காயம், முருங்கை என்று மாற்றி மாற்றிப் போட்டு மாற்றி மாற்றி அழுதார்கள். சீனிச்சாமி நாத்து போட்டான். மாட்டுக்கென்றே நெருக்கமாக விதைத்து, கதிர் வாங்குமுன் அறுத்துக் காயவைக்கிற சோளத்துக்கு அங்கே நாத்து என்று பெயர். போடிப் பால்காரர்களும், மலையில் எஸ்டேட்டு லயத்து வீடுகளில் மாடு வைத்திருப்பவர்களும் கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்கள். அறுத்தது காய்ந்தவுடன் மழை தொடுமுன் வீடு வந்து படப்புப் போரில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். நனைந்த நாத்து கறுத்துப்போகும். கறுத்ததை மாடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

போன சித்திரையில் அதுதான் நடந்தது. வாடகை டிராக்டரை அண்ணன்தான் பேசிவிட்டார். வண்டியும் வந்தது. வந்து அண்ணனின் வெங்காயக் காட்டை உழுதது, பிறகு அண்ணன் மச்சினன் தோட்டத்துக்கு எரு அடித்தது. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது குரங்கணி மலைப்பக்கம் இடி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் காடு முழுக்கச் சாணிக் கரைசல் மாதிரி நாத்து படுத்துக் கிடந்தது. சந்திரவல்லி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சீனிச்சாமி அழவும் இல்லை, அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொல்லவும் இல்லை. நாத்து போனதைக்கூட அவள் மறந்துவிட்டாள். அவன் பேசாமல் நின்றதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

ஆனால் மனுஷனுக்கும் உள்ளுக்குள் ஏதோ இருந்திருக்க வேண்டும். மார்கழியில் யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு பழைய டிரெய்லரை வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினான். இழுக்க வண்டி இல்லாத டிரெய்லர். மாடு வாங்குமுன் மூக்கணாங்கயிறு வாங்கியவன் என்று காசிமாயன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சந்திரவல்லி சிரிக்கவில்லை. அந்த டிரெய்லரைக் கழுவித் துடைத்து மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்தாள்.

இந்த வருசமும் நாத்து அறுத்தாகிவிட்டது. காட்டில் பரத்திப் போட்டு ரெண்டு பேரும் கவைக்கம்பால் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் பேச்சை எடுத்தாள். அவள் தம்பி விஜயகுமார் போடிக்கும் பூப்பாறைக்கும் ஜீப்பு ஓட்டுகிறவன். மேலே ஏலத்தோட்டக்காரர் ஒருத்தர் நீல நிற டிராக்டர் ஒன்றை விற்கிறார், தேனி நம்பர்தான், பேப்பர் எல்லாம் சுத்தம் என்று சொல்லியிருந்தான்.

“ஏங்க, அந்த வண்டிய ஒரு கண்ணு பாக்காம ஒங்க அண்ணனுக்குச் சரின்னுறாதீங்க.”

“அண்ணன் பேசி முடிச்சாச்சு.”

“முடிச்சது அவரு. நனையப் போறது நம்ம நாத்து.”

அவன் புரட்டினான். ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்திக்குப் போனான். பிறகு, நிமிராமலே சொன்னான்.

“பாக்க மட்டும் போவோம். ஒண்ணு சொல்லிப்புட்றேன். அங்க வந்து நீ வாயத் தொறக்கக் கூடாது. ஓம் பாஷையக் கேட்டா, ஒறவு கொண்டாடியே வண்டியத் தலையில கட்டிருவாங்ய.”

ஓம் பாஷை என்று அவன் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. சந்திரவல்லி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டு லயத்தில் பிறந்தவள். அவள் அப்பா அமாவாசை ஏலக்காட்டில் வேலை பார்த்தவர். சின்ன வயசில் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகத்தான் அவள் வாய் இருந்தது. கல்யாணம் முடிந்து சிலமலைக்கு வந்த புதிதில் மாமியாரும் மதினியும் அவளை மலையாளத்தி என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள் பந்தியில் எல்லாரும் இருக்க, “மதி, மதி” என்று சொல்லிவிட்டாள். போதும் என்று அர்த்தம். மதி யாரு, ஒங்க அம்மாவா என்று மதினி கேட்க, பந்தியே சிரித்தது. சீனிச்சாமியும் சிரித்தான். அன்றையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாயிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டாள். வாயிலிருந்துதான் போயின. காதில் எல்லாம் அப்படியே இருந்தன.

அன்று சாயங்காலம் போடிக்குப் போய்ச் செவப்பு வண்டியைப் பார்த்தார்கள். புதுப் பெயிண்ட் வாசம் கொட்டகைக்கு வெளியிலேயே வந்து கும்பிட்டது. திருப்பதி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். எஞ்சின் கை படாத எஞ்சின், கியர் வெண்ணெய், டயர் போன மாசம் போட்டது. சீனிச்சாமி எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தான். ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பார்த்தான். ஒரு குறையாவது சொல்லுங்கண்ணே என்று கேட்டதற்குத் திருப்பதி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஆரன் சத்தம் கொஞ்சம் கம்மி என்றார். வெளியே வந்ததும் சீனிச்சாமி எச்சிலைத் துப்பினான். ஆனாலும், அண்ணன் பார்த்த வண்டி சோடை போகாது என்றான். மலையிலும் ஒரு குறை தட்டுப்பட்டால் இந்த ஆள் நேராக அண்ணன் வாசலில்தான் போய் நிற்பான் என்று சந்திரவல்லிக்குத் தெரியும்.

மறுநாள் விடிகாலையில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்களோடு பெண்களாக விஜயகுமார் ஜீப்பில் ஏறிப் போனார்கள். தூக்குச்சட்டிகள் முட்டி இடிக்க, பெண்கள் தூங்கி வழிந்தார்கள். சீனிச்சாமி பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கண்ணை மூடித் திறந்தான். கீழே காட்டுவேலைக்குப் பயப்படாத ஆள், மலை என்றால் ஆகாது. வருசத்துக்கு ஒருதரம் மாமனார் வீட்டுக்கு வருவதோடு சரி. மலையாளத்தில் அவனுக்கு நாலு வார்த்தை தெரியும், நாலும் தப்பு.

விஜயகுமார் இவர்களை இறக்கிவிட்டு லோடோடு அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விட்டான். வண்டியை விற்கிற ஏலத்தோட்டக்காரர் பெயர் யோகராஜ். வயசு அறுபதுக்குப் பக்கம். தாத்தா காலத்திலேயே போடியிலிருந்து மேலே ஏறிய குடும்பம். சாமி கும்பிடத் தமிழும் ஆள்விட்டு வேலை வாங்க மலையாளமுமாக ரெண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். சந்திரவல்லியைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

“அமாவாசெ அண்ணன்டெ மோளல்லே நீ?”

அமாவாசை மகள்தான், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கணவன் பார்த்துக்கொண்டிருந்தான். யோகராஜ் வீட்டுப் பெண்பிள்ளை அவித்த கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கட்டன் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். சீனிச்சாமி ஒரு துண்டைப் பிட்டு வைத்தான். சந்திரவல்லி தட்டைக் காலி செய்தாள். காரம் மூக்கில் ஏறிக் கண் கலங்கியபோது அது காரத்தால் மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் சமதளமான முற்றம். அங்கேதான் நீல வண்டி நின்றது. பெயிண்ட் உரிந்து, மட்கார்டில் சொட்டை விழுந்து, சேறு அப்பி, இருக்கிறபடிக்கு இருந்தது. சீனிச்சாமிக்கு அதுவே பிடித்துவிட்டது. எண்ணெய் பார்த்தான், படுத்து அடியில் பார்த்தான், ஸ்டார்ட் செய்து புகையில் கையை நீட்டிப் பார்த்தான். கை சுத்தமாக இருந்தது. அவன் முகம் மலர்ந்ததை அவள் தள்ளி நின்று பார்த்தாள். அந்த முகம் அப்படி ஆகி ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

யோகராஜ் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“எஞ்சின் ஒரு கொழப்பமும் இல்ல. கியர் பாக்ஸ் ஓகே. பின்னெ, பிரேக்குக்கு நல்ல பணியுண்டு, கேட்டோ. அது ஞான் ஆத்யமே சொல்லிர்றேன்.”

சீனிச்சாமி திருப்தியாகத் தலையை ஆட்டினான். “மலையில ஓடுன வண்டியில்ல, அப்பிடித்தான இருக்கணும்” என்றான்.

யோகராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது. குறையைச் சொன்னால் விலையை அடிப்பார்கள், இந்த ஆள் சந்தோஷப்படுகிறானே என்று ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, விவரம் தெரிந்த ஆள் போல என்று நினைத்துக்கொண்டார்.

சந்திரவல்லிக்கு மட்டும்தான் நடந்தது விளங்கியது. அந்தப் பக்கத்தில் வண்டிக்குப் பணி உண்டு என்றால் ரிப்பேர் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல பணி என்றால் ரிப்பேர் நிறைய. இவன் காதில் அது பிரேக்கு நல்லா வேலை செய்யும் என்று விழுந்திருக்கிறது. வாயைத் திறக்கப் போனாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பயத்தில் மூடவில்லை, கணக்குப் போட்டுத்தான் மூடினாள். சொன்னால் இவன் கையை உதறிக்கொண்டு இறங்கிவிடுவான். இறங்கினால் செவப்பு வண்டி. செவப்பு வண்டி என்றால் அண்ணன் களம், அண்ணன் வெங்காயம், அண்ணன் மச்சினன். காட்டில் கிடக்கிற நாத்து இந்த வருசமும் சேறாகும். பிரேக்குதானே, போடியில் எந்தப் பட்டறையிலும் சரி பண்ணிக்கொள்ளலாம். சமதரையில் நாத்து இழுக்கப் பிரேக்குக்கு என்ன வேலை. வண்டியை லாரியில் ஏற்றித்தான் இறக்குவது என்று காலையிலேயே பேசியாகிவிட்டது. யாருக்கு என்ன நட்டம்? போதாக்குறைக்கு வாயைத் திறக்காதே என்று சொன்னதும் இவன்தானே. அவன் சொன்னபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

சீனிச்சாமி முற்றத்தில் முதல் கியரில் ரெண்டு சுற்றுச் சுற்றினான். ரெட்டைப் பிரேக்கையும் சேர்த்து மிதித்தான். எறும்பு வேகத்தில் போகிற வண்டி நிற்கத்தான் செய்தது. இறங்கி வந்து விலையை முடித்துப் பணத்தைக் கொடுத்தான். யோகராஜ் புத்தகத்தைக் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, சாவியைக் கையில் போட்டார். ஸ்டோருக்குள் அடுப்புத் தணிகிறது என்று ஆள் வந்து கூப்பிட, “லாரிக்காரனெ ஞான் விளிச்சுப் பறயாம்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். லாரிக்கு நானே போன் போடுகிறேன் என்று அர்த்தம். அதுவும் சீனிச்சாமிக்கு விளங்கவில்லை.

அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழக்கே சமவெளிக்கு மேலே மேகம் ஒன்று தலை தூக்கியிருந்தது.

“லாரி எப்ப வரும்னு தெரியாது. நானே ஓட்டிட்டு எறங்குறேன். நீ தம்பி ஜீப்புல வந்துரு.”

சந்திரவல்லி கிட்டே வந்தாள். லாரியிலேயே வரட்டுங்க என்றாள். எதற்கு என்றான். பழக்கமில்லாத ரோடு என்றாள். வண்டிக்குப் பழக்கமான ரோடுதானே என்றான். மேலே பனி இறங்கும், கண் தெரியாது என்றாள். அவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறிவிட்டான்.

“ஏங்க, நாலு மணி நேரம் பொறுத்தா குடியா முழுகிரும்?”

“நாத்து நாத்துன்னு நீதான உசுர வாங்குன. வெரசா போனா இன்னைக்கே அள்ளிறலாம். அந்த மனுசனே பிரேக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு, மத்த பயலுக சொல்லவே யோசிக்கிறத. ஒனக்கு என்ன இப்ப?”

வளைவைக் கண்டால் கண்ணை மூடுகிறவன், அந்த ஒரு சொல்லை நம்பி மலையை இறங்கக் கிளம்பிவிட்டான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமியது. அவள் ஏதோ சொன்னாள், அவளுக்கே கேட்கவில்லை. முன்னால் போய் நின்று கையை விரித்தாள். அவன் காதில் கையைக் குவித்து என்ன என்று கேட்டான். பிறகு நகரு நகரு என்று சைகை காட்டினான். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. தன் சொந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிற சிரிப்பு. யோகராஜ் வருகிறாரா என்று ஸ்டோர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் புகை மட்டும்தான் வந்தது. வண்டி மெல்ல நகர்ந்து அவளைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பியது.

அவள் ஓடினாள். ஓடுகிற வண்டியின் கால்படியில் மிதித்து ஏறி, அவன் மடிக்குக் குறுக்கே கையை விட்டு, எஞ்சினை நிறுத்துகிற கம்பியைப் பிடித்து இழுத்தாள். விஜயகுமார் சிநேகிதன் வண்டியில் அதைப் பார்த்திருக்கிறாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. காடு முழுக்க ஒரே அமைதி.

“பைத்தியமா ஒனக்கு? விழுந்திருந்தா என்ன ஆகுறது?”

“பணின்னா ரிப்பேருங்க” என்றாள். மூச்சு வாங்கியது. “பிரேக்குல நெறையா ரிப்பேரு இருக்குன்னுதான் அவரு சொன்னாரு.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு காலுக்கடியில் இருந்த ரெண்டு பிரேக்கையும் பார்த்தான். ரோடு அந்த முற்றத்திலிருந்து ஏறி, மெட்டைத் தாண்டி, பிறகு இறங்குவது தவிர வேறு வேலையே இல்லாமல் போடிவரை இறங்குகிறது. அது அவன் மனசில் ஓடியிருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

இப்போதுதான் யோசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான். அவளுக்கு அது வாயில் வரவில்லை.

“அவரு சொன்னப்பவே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க வாங்க மாட்டீங்க. ஒங்க அண்ணங்கிட்டப் போயி நின்னுருவீங்க. லாரியிலதான போகப் போகுதுன்னு இருந்துட்டேன்.”

அவன் இறங்கினான். அவளைத் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று நின்றாள். ரெண்டும் இல்லை. ஏலச்செடி ஓரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். போன வருசம் வரப்பில் நின்ற அதே முதுகு. வண்டி போச்சு என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தும் போச்சு. அதைவிடப் பெரிதாக வேறு ஏதோ ஒன்றும் தன் கையாலேயே போச்சு என்று தோன்றியபோது அழுகை முட்டியது.

சத்தம் நின்றதைக் கேட்டு யோகராஜ் வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஈஸ்வரா, இதை ஓட்டிக்கொண்டு மலை இறங்குவதா, ரெண்டாவது வளைவில் ஆளை எடுக்க வேண்டியிருக்குமே என்றார். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், கொடுத்ததை வாங்கிக்கொள், மனஸ்தாபம் இல்லை என்றும் சொன்னார்.

சீனிச்சாமி திரும்பி வந்தான். அவளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டான்.

“வேற எது எதுக்குப் பணி?”

யோகராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னார். கிளட்ச் அடுத்த வருசம் மாற்ற வேண்டி வரும். பின் டயர் ஒன்று அவ்வளவு சரியில்லை. செல்ஃப் ஸ்டார்ட் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும். அவர் சொல்லச் சொல்ல சீனிச்சாமி ஒவ்வொரு தடவையும் சந்திரவல்லி பக்கம் திரும்பினான். கண்ணைப் பார்க்கவில்லை, காதை மட்டும் காட்டினான். அவள் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. குறை கூடக் கூட அவனுக்கு வண்டி மேல் நம்பிக்கை கூடியதோ என்னவோ, கடைசியில் மட்கார்டைத் தட்டினான்.

அந்த நேரம் பார்த்துக் காசிமாயன் போன் வந்தது. சீனிச்சாமி கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் எடுத்தபோது அண்ணன் குரல் ஸ்பீக்கர் போடாமலே வெளியே கேட்டது. திருப்பதி காத்திருக்கிறார், ஒரு சொல் சொல்லு, செவப்பு வண்டியை இன்றைக்கே ஓட்டி வந்துவிடலாம் என்றது.

“இல்லண்ணே” என்றான் சீனிச்சாமி. அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து சந்திரவல்லி கேட்டதே இல்லை. “நான் இங்க வாங்கிட்டேண்ணே. எம் பேருலதான்.”

அந்தப் பக்கத்திலிருந்து வண்டி எப்படி என்று இறுக்கமாக ஒரு கேள்வி வந்தது.

“நல்ல பணி இருக்குண்ணே” என்றான்.

கேலியாகச் சொன்னானா, வாயில் வந்ததைச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கயிறு இருக்கிறதா என்று யோகராஜிடம் கேட்டான்.

மதியம் தாண்டி லாரி வந்தது. மேட்டுச் சரிவில் லாரியின் பின்பக்கத்தைக் கொடுத்து வண்டியை ஏற்றிக் கட்டினார்கள். சந்திரவல்லி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீனிச்சாமி வரவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி, டிராக்டர் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். டிரைவர் அவளிடம் அந்தப் பக்கப் பேச்சில் ஏதேதோ கேட்டான். அவளும் பதில் சொன்னாள். ஆனால் கண் முதுகுப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னலிலேயே இருந்தது. கட்டிப்போட்ட வண்டிதான், எங்கேயும் போகாது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அவன் கால் ரெண்டு பிரேக்கையும் அழுத்தி மிதிப்பது தெரிந்தது. மிதித்த கால் அடிவரைக்கும் போய் முட்டியது. அடுத்த வளைவிலும் மிதித்தான், அதற்கடுத்த வளைவிலும் மிதித்தான். மலையடிவாரத்து முந்தல் வந்து ரோடு சமமாகும்வரை அவன் விடவில்லை. அவளால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஊருக்குள் வந்து களத்து மேட்டில் இறக்கியதும், டிரெய்லரை மாட்டிக்கொண்டு நேராகக் காட்டுக்கு விட்டான். நாத்து கட்ட வந்திருந்த பெண்கள் கட்டிப்போட்டுக் காத்திருந்தார்கள். முதல் கியரிலேயே பாத்தி பாத்தியாக வண்டி ஊர்ந்தது. லோடு ஏற்றுவதும் வீட்டுப் பின்னால் கொண்டுவந்து தள்ளுவதும் மறுபடி போவதுமாகப் பொழுது இறங்கியது. ஊரே வந்து நின்று பார்த்தது. காசிமாயன் வரவில்லை. சீனிச்சாமி எல்லாரிடமும் பேசினான். கட்டு தூக்குகிற பெண்களிடம் பேசினான், வழியில் நின்ற ஆடு மேய்க்கிறவனிடம் பேசினான். பெண்டாட்டியிடம் மட்டும் ஒரு சொல் பேசவில்லை.

கடைசி லோடு வீட்டுக்குப் பின்னால் வந்தபோது தூறல் போட ஆரம்பித்தது. மேல்கட்டுகள் கொஞ்சம் நனைந்துவிட்டன. கூலிக்கு வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். சந்திரவல்லி படப்பின் மேல் நின்று வாங்கி அடுக்கி மிதித்தாள். கீழேயிருந்து அவன் எறிந்தான். வண்டி விளக்கு வெளிச்சத்தில் தூசியும் தூறலும் கலந்து பறந்தன. காய்ந்த நாத்தின் இனிப்பு வாசம் தொண்டைவரை ஏறியது.

ஒரு கட்டைக் கையில் எடுத்தவன் எறியாமல் நின்றான்.

“ஏய்.”

அவள் குனிந்து பார்த்தாள்.

“மறைக்கணும்னு மறைச்சிட்ட. சரி. அப்பறம் எதுக்கு ஓடியாந்து நிப்பாட்டுன? சொன்னா நான் வண்டிய விட்டுட்டு வந்துருவேன்னு தெரியும்ல ஒனக்கு?”

மேகத்துக்குள் எங்கோ உருண்டது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. காலையிலிருந்து இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் இப்படி மென்றுகொண்டிருந்தான் என்று வந்த கோபம். பிறகு குரல் உடைந்துவிட்டது.

“நாத்து நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போகுதுன்னு தோணிருச்சு” என்றாள். “நீங்க அந்தச் சீட்டுல ஏறி ஒக்காந்து சிரிச்சீங்கள்ல. அதுக்கு மேல எனக்கு எந்த வண்டியும் வேணாம்னு ஆயிருச்சு.”

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

“ஓரத்துல நிக்காத, உள்ள தள்ளி நில்லு. வழுக்கும்” என்றான்.

கையிலிருந்த கட்டை மேலே எறிந்தான். அவள் வாங்கிப் போட்டு மிதித்தாள்.